பொருளாதார மந்தம் வந்தால் இயங்கலை (இணையவழி) வணிகம் தாங்குமா? சுங்கை சிப்புட் வட்டாரச் சிறு வணிகர்களுக்கான இழை

வரவுசெலவு (இழையைத் தொடங்கியவர்)

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டப்புறங்களிலும் வீட்டிலிருந்தே வணிகம் செய்யும் சிலருக்கு நான் கணக்கெழுதிக் கொடுத்து வருகிறேன். முறுக்கு, சேலை, பூசைப் பொருள், கைப்பேசி உறை, மாணவர்களுக்கான இயங்கலை வகுப்பு என்று அவரவர் தொழில் வேறாக இருந்தாலும், அண்மைக் காலமாக எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றாகவே இருக்கிறது. நாட்டின் பொருளாதாரம் சுருங்கினால், வாடகை கொடுத்துக் கடை நடத்துபவரைவிட இயங்கலையில் விற்பவர் நன்றாகத் தாங்குவாரா என்பதே அது.

கேட்பவர்கள் பெரும்பாலும் 2020ஆம் ஆண்டை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்கின்றனர். அவ்வாண்டு மலேசியப் பொருளாதாரம் 5.5 விழுக்காடு சுருங்கியது, 1998இல் 7.4 விழுக்காடு சுருங்கியதற்குப் பிறகு நாம் கண்ட பெரிய சரிவு அதுதான். ஆனாலும் மார்ச் 18ஆம் நாள் கோவிட் தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்த பிறகு இயங்கலை விற்பனை பெருகியதால், மந்தம் என்பது நமக்குக் கெடுதல் செய்யாது என்ற எண்ணம் பலருக்கு ஊறிவிட்டது. அந்த ஆண்டைப் பாடமாகக் கொள்வது ஆபத்து என்று நான் நினைக்கிறேன். அப்போது கடைகள் ஆணையால் மூடிக் கிடந்தன. வங்கிக் கடன் தவணைகள் ஏப்ரல் முதல் ஆறு மாதத்திற்கு ஒத்திவைக்கப்பட்டன. ஊழியர் சேமநிதியின் இரண்டாம் கணக்கிலிருந்து மாதம் 500 ரிங்கிட் வரை எடுத்துக்கொள்ள இடம் தரப்பட்டது. அடுத்தடுத்து வந்தவற்றையும் சேர்த்து, 2022 வரை நான்கு சிறப்புத் திட்டங்களின் வழியாக மக்கள் எடுத்த சேமநிதி ஏறத்தாழ 14,500 கோடி ரிங்கிட் ஆகும். முதுமைக்கென்று வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதிதான் நம் பொட்டலங்களுக்கு விலையாக வந்தது என்று சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். அடுத்த முறை மந்தம் வரும்போது கடைகள் திறந்திருக்கும், தவணை ஓடிக்கொண்டிருக்கும், சேமநிதியிலும் பலருக்கு மிச்சம் இராது.

நமக்குப் பாடமாக வேண்டியது அதற்கு முந்தைய ஒரு சரிவு. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தை உச்சியைத் தொட்டுச் சரியத் தொடங்கியது. பிப்ரவரியில் பங்கு வெளியிட்ட, செல்லப்பிராணிப் பொருள்களை இணையத்தில் விற்ற பெட்ஸ்.காம் நவம்பரில் மூடப்பட்டது. வீட்டுக்கு வீடு மளிகை கொண்டு சென்ற வெப்வேன் 2001 ஜூலையில் நொடித்துப் போனது. அமேசான் பிழைத்தது. அதன் பங்கு 100 டாலருக்கு மேலிருந்து 6 டாலருக்கும் கீழே இறங்கியபோதும் அது பிழைத்ததற்கு ஒரு காரணம், சரிவுக்கு ஒரு மாதம் முன்னதாக, 2000 பிப்ரவரியில், ஐரோப்பாவில் கடன் பத்திரம் விற்று 69 கோடி யூரோவைக் கையில் வைத்திருந்ததுதான். அந்நிறுவனம் முதன்முதலாக முழு ஆண்டு இலாபம் காட்டியது 2003இல். மூன்றுக்கும் வாடிக்கையாளர் இருந்தனர், மூன்றும் இணையத்தில்தான் இருந்தன. கையிருப்பு ஒன்றுக்குத்தான் இருந்தது.

ஆகவே உங்கள் பொருள் விற்குமா என்ற கேள்வியோடு, விற்ற பணம் என்றைக்குக் கைக்கு வரும் என்பதையும், வாங்குபவர் யாருடைய சம்பளத்தில் வாழ்கிறார் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் வேண்டுகோள். தொழில் செய்கின்றவர்கள் தங்கள் நிலவரத்தை எழுதினால் நல்லது.

புதியவன்_ஈப்போ

அண்ணன் எழுதியதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன்; மீதி, அச்சுறுத்தலாக எனக்குப் படுகிறது. 2008, 2009ஆம் ஆண்டுகளை நீங்கள் தொடவே இல்லை. உலகமே ஆட்டம் கண்ட அந்த இரண்டு ஆண்டுகளில் அமேசானின் விற்பனை 1,480 கோடி டாலரிலிருந்து 1,920 கோடியாகவும், பிறகு 2,450 கோடியாகவும் உயர்ந்தது. அமெரிக்காவில் மொத்தச் சில்லறை விற்பனை வீழ்ந்தபோதும், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இணைய விற்பனை வீழவில்லை. மலேசியா 2009இல் 1.5 விழுக்காடு சுருங்கியது என்பதும் நினைவிருக்கட்டும். பணம் குறைந்தால் மக்கள் வாங்குவதை நிறுத்துவதில்லை, மலிவாகக் கிடைக்கும் இடத்தைத் தேடுகின்றனர். தேடுவதற்கு இணையத்தைவிட வசதியான இடம் எது?

நான் சரக்கு வாங்கி அடுக்குவதில்லை. கேட்பு (ஆர்டர்) வந்த பிறகே மொத்த வணிகரிடம் சொல்லி, அவர் கிடங்கிலிருந்தே வாடிக்கையாளருக்கு அனுப்ப வைக்கிறேன். கைப்பேசி உறை, சமையலறைச் சாமான், வண்டிக்குள் வைக்கும் சில்லறைப் பொருள் ஆகியவை என் பட்டியல். வாடகை இல்லை, ஆள் சம்பளம் இல்லை, தேங்கும் சரக்கும் இல்லை. மந்தத்தில் விளம்பரமும் மலிவாகும். பெரிய நிறுவனங்கள் முதலில் வெட்டுவது விளம்பரச் செலவைத்தான். 2020இன் இரண்டாம் காலாண்டில் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட்டின் வருமானம் அதன் வரலாற்றிலேயே முதன்முறையாக முந்தைய ஆண்டைவிடக் குறைந்தது. இணைய விளம்பர இடம் ஏலத்தில் விற்கப்படுவதால், பெரியவர்கள் ஏலத்தை விட்டு விலகினால் என்னைப் போன்ற சிறியவனுக்கு அதே இடம் குறைந்த விலைக்குக் கிடைக்கும். இதை ஏன் யாரும் சொல்வதில்லை?

முறுக்கு_வீடு

தம்பி, உங்களுடையது யாரோ ஒருவர் கிடங்கிலிருந்து நேரே போகும் பொருள். என்னுடையது என் அடுப்படியிலிருந்து போவது. ஆகையால் என் கணக்கை நான் சொல்கிறேன்.

எங்கள் ஊரில், பாமாயில் தரும் செம்பனையின் விலைக்கும் என் தொழிலுக்கும் உள்ள தொடர்பு இரண்டு முனையிலும் குத்துகிறது. 2022இன் முற்பாதியில் பாமாயில் ஒரு டன் 6,000, 7,000 ரிங்கிட் என்று ஏறியபோது சிறு தோட்டக்காரர்கள் கையில் பணம் இருந்தது. தீபாவளிக்குக் காத்திராமல் பிறந்தநாளுக்கும் வளைகாப்புக்கும் முறுக்கு சொன்னார்கள். ஆனால் ஐந்து கிலோ எண்ணெய்க் கலனின் விலையும் அதே வேகத்தில் ஏறிவிட்டது. விலை இறங்கிய பிறகு எண்ணெய் மலிவானது, ஆனால் சொல்லி வாங்கும் ஆட்கள் குறைந்துவிட்டனர். ஒரு கிலோ 2.50 ரிங்கிட் உதவித்தொகைப் பொட்டல எண்ணெயை வைத்துச் சமாளிக்கலாமே என்று சொல்பவர்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அது வீட்டுச் சமையலுக்கென்று அரசாங்கம் தருவது. விற்பனைக்குச் சுடுவதற்கு அதைப் பயன்படுத்துவது குற்றம்.

இதிலிருந்து என்னைக் காப்பாற்றுவது வெளியூர் வாடிக்கையாளர்கள். நம் தோட்டத்துப் பிள்ளைகள் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் ஜொகூர் பாருவிலும் இருக்கின்றனர். சிலர் எல்லையைத் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை செய்து சிங்கப்பூர் வெள்ளியிலேயே சம்பாதிக்கின்றனர். அவர்களுடைய சம்பளம் செம்பனை விலையைப் பார்த்து ஏறி இறங்குவதில்லை. வரவுசெலவு ஐயா கேட்ட "யாருடைய சம்பளம்" என்ற கேள்விக்கு இதுதான் என் பதில்.

ஆனால் அவர்களிடம் கொண்டு சேர்க்கும் செலவை யாரும் பேசுவதில்லை. முறுக்கு நொறுங்காமல் போக வேண்டுமென்றால் டின்னுக்குள் தாளை விரித்து அடுக்கி, டின்னைக் குமிழித்தாளில் சுற்றி, அதைப் பெட்டியில் வைத்து நான்கு பக்கமும் இடைவெளியை நிரப்ப வேண்டும். உள்ளே இருப்பது ஒரு கிலோ முறுக்கு. பெட்டியோ 30 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம், 20 உயரம். பல கூரியர் நிறுவனங்கள் மூன்றையும் பெருக்கி 5,000ஆல் வகுத்து, வரும் எண்ணையும் தராசு காட்டும் எடையையும் ஒப்பிட்டு, எது பெரிதோ அதற்குக் கட்டணம் போடுகின்றன. என் பெட்டிக்கு மூன்று கிலோ என்று வருகிறது. நெய் உருண்டை செய்து அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை. அது சிறிய பெட்டியில் கனமாக உட்காரும். அதனால் வெளியூர்க் கேட்புகளுக்கு உருண்டையையும் அதிரசத்தையும் முன்னால் காட்டி, முறுக்கைக் கூடவே சிறிதளவு சேர்த்துக் கொடுக்கிறேன். விற்பனை குறையும் காலத்தில் விலையை உயர்த்த முடியாது, பெட்டியைச் சுருக்க முடியும்.

வரவுசெலவு

முறுக்கு வீட்டு அம்மா எழுதியது நான் எழுத நினைத்ததைவிடத் தெளிவாக இருக்கிறது. புதியவன் தம்பிக்கு இரண்டு பதில்கள்.

2008ஐப் பற்றி நீங்கள் சொன்ன எண்கள் சரிதான். ஆனால் அதே காலத்தில் ஈபேயின் வருமானம், 2008இன் கடைசிக் காலாண்டில், முந்தைய ஆண்டைவிட 7 விழுக்காடு குறைந்தது. அந்நிறுவனத்திற்கு அப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை. ஈபே என்பது உங்களையும் எங்களையும் போன்ற சிறு விற்பனையாளர்கள் நிரம்பிய இடம். ஒரே இணையம், ஒரே மந்தம். ஆனால் ஒன்று வளர்ந்தது, ஒன்று இளைத்தது.

அடுத்தது பணம் வரும் நாள். அமேசான் போன்ற பெரிய விற்பனையாளர், வாடிக்கையாளரிடம் இன்றே பணத்தை வாங்கிவிட்டுச் சரக்கு கொடுத்தவருக்குப் பல வாரம் கழித்துக் கொடுக்கிறார்; விற்பனை பெருகப் பெருக அவர் கையில் மற்றவர் பணம் சேர்கிறது. நம் ஊர்ச் சேலை வணிகருக்கு இது தலைகீழ். சரக்குக்கு முன்பணம் கொடுக்கிறார், சரக்கு வந்து சேரக் காத்திருக்கிறார், விற்ற பிறகும் பொருள் போய்ச் சேர்ந்து வாங்கியவர் ஒப்புக்கொள்ளும் வரை இணைய விற்பனைத் தளம் பணத்தை நிறுத்தி வைக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். எண்கள் விளக்கத்திற்காக நான் வைத்துக்கொண்டவை. சேலையின் விலை 100 ரிங்கிட், அசல் 60, தளம் பிடித்துக்கொள்ளும் கழிவுகள் (கமிஷன்) 15, பொட்டலமும் விளம்பரமும் 10. ஒரு சேலைக்கு 15 ரிங்கிட் மிச்சம். மாதம் 100 சேலை வாங்கி 100ஐயும் விற்றால் 1,500 ரிங்கிட் இலாபம். மந்தத்தில் 70 மட்டும் விற்கிறது என்று கொள்வோம். ஏட்டின்படி இன்னமும் 1,050 ரிங்கிட் இலாபம் உண்டு. ஆனால் கழிவும் பொட்டல, விளம்பரச் செலவும் போகக் கைக்கு வந்தது 70 சேலைக்கு 75 வீதம் 5,250. சரக்குக்குக் கொடுத்தது 6,000. இலாபம் காட்டும் அதே மாதத்தில் 750 ரிங்கிட் குறைகிறது. அந்த 750உம் ஏட்டிலுள்ள 1,050 இலாபமும் சேர்ந்து, விற்காத 30 சேலையாக அலமாரியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. விற்பவர் "வியாபாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் கையில் காசு நிற்கவில்லை" என்று என்னிடம் வந்து சொல்லும்போதெல்லாம், பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கிறது.

சரக்கு வைக்காத உங்கள் முறையில் இந்தப் பூட்டு இல்லை என்பது உண்மை. அதற்கு ஈடாக, உங்கள் பொருள் எவரும் அதே நாளில் விற்கத் தொடங்கக்கூடிய பொருளாக இருக்கிறது.

நூல்சேலை

ஐயா சொன்ன அலமாரி என் வீட்டு அலமாரிதான் என்று எங்கள் புலன (வாட்ஸ்அப்) குழுவில் சிரித்தார்கள்.

நான் சூரத்திலிருந்தும் சேலத்துப் பக்கம் இளம்பிள்ளையிலிருந்தும் சேலை தருவித்து, முகநூலிலும் டிக்டாக்கிலும் நேரலையில் விற்கிறேன். தீபாவளிக்கு விற்க வேண்டிய சரக்குக்குப் பல மாதம் முன்பே பணம் கட்ட வேண்டும். கட்டும் நாளில் ரிங்கிட்டின் மதிப்பு எப்படி இருக்கிறதோ அதுதான் என் அசல். 2024 பிப்ரவரியில் ஒரு டாலருக்கு 4.80 ரிங்கிட் என்ற அளவை நெருங்கி, 1998க்குப் பிறகு காணாத தாழ்வுக்கு நம் நாணயம் போனபோது நான் பட்ட பாட்டை எழுதினால் இழை திசைமாறிவிடும். பொருளாதாரம் தள்ளாடும் காலத்தில் ரிங்கிட்டும் சரிவது வழக்கம் என்பதால், வெளிநாட்டுச் சரக்கை விற்பவருக்கு அடி இரண்டு பக்கமிருந்தும் விழும். வாங்குபவர் கை இறுகும்போதே விற்பவரின் அசலும் ஏறும்.

பொருளைப் பெற்றுக்கொண்டு பணம் கொடுக்கும் முறையை நான் நிறுத்திவிட்டேன். மாதக் கடைசியில் போன பொட்டலங்கள் "வீட்டில் ஆள் இல்லை" என்று திரும்பி வந்தன. போக வரக் கூலி என்னுடையது, மடிப்புக் கலைந்த சேலையும் என்னுடையது. இப்போது நேரலையில் கேட்பவர் உடனே கியூஆர் குறியீட்டின் வழியாகப் பாதிப் பணத்தையாவது செலுத்தினால்தான் சேலையை எடுத்து வைக்கிறேன். கேட்பு குறைந்தது, திரும்பி வருவது ஏறத்தாழ நின்றுவிட்டது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். முன்பணம் புரட்டுவதற்கு நம் பெண்கள் பலர் "கூட்டு", அதாவது ஆளுக்கொரு தொகை போட்டு முறைவைத்து எடுக்கும் சீட்டு, பிடிக்கின்றனர். பெண்களுக்குள் நம்பிக்கையில் நடப்பது என்றாலும், 1971ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டு நடத்துவதைத் தடை செய்திருக்கிறது. மந்தக் காலத்தில் முதலில் உடைவதும் அதுதான். வேலை போன ஒருவர் கட்ட முடியாமல் நின்றால், பின்வரிசையில் இருக்கும் எல்லாருக்கும் சரக்கு வாங்கும் பணம் போய்விடும். அதை நம்பித் தீபாவளிச் சரக்குக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

தபால்பை

நான் கூரியர் கிளையில் வேலை செய்கிறேன், எந்த நிறுவனம் என்று கேட்க வேண்டாம். மேசையின் இந்தப் பக்கம் இருந்து பார்ப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பணம் நெருக்கடியாகும்போது பொட்டலங்களின் எண்ணிக்கை உடனே குறைவதில்லை. அவற்றின் அளவு குறைகிறது. பெரிய பெட்டி கொண்டு வந்தவர் உறை கொண்டு வருகிறார். அதே வேளையில், இதுவரை பார்த்திராத புதிய அனுப்புநர்கள் வரத் தொடங்குகின்றனர். தொழிற்சாலையில் மிகைநேர வேலை நின்றவர், ஆள் குறைப்பில் வெளியேறியவர் எல்லாரும் ஏதோ ஒன்றை விற்கத் தொடங்குகின்றனர். வாங்குபவர் சுருங்கும் நேரத்தில் விற்பவர் பெருகுவதை நான் கண்ணால் காண்கிறேன். புதியவன் தம்பி கணக்கில் இது சேரவில்லை.

முறுக்கு வீட்டு அக்காவின் கணக்குச் சரி. ஆனால் ஒப்பந்தக் கணக்கு வைத்திருப்பவருக்கு வீதம் வேறு. தனித்தனியாக வந்து அனுப்புகின்றவர்கள்தான் முழுக் கட்டணம் கொடுக்கின்றனர்.

புதியவன்_ஈப்போ

விற்பவர் பெருகுவது உண்மையாக இருக்கலாம், நிலைப்பவர் எத்தனை பேர் என்றும் பார்க்க வேண்டும் அல்லவா? பொருளின் படம் எடுக்கத் தெரியாமல், கேட்டவருக்கு மூன்று நாள் கழித்துப் பதில் சொல்பவர் எனக்குப் போட்டி இல்லை. எனக்கு உண்மையான போட்டி, சீனாவிலிருந்து நேரே அனுப்பும் விற்பனையாளர்கள்தான். 2024 சனவரி முதல் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட இறக்குமதிப் பொருள்களுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி வந்த பிறகு அவர்களுக்கும் எனக்கும் உள்ள இடைவெளி கொஞ்சம் குறைந்திருக்கிறது. அவ்வளவு போதும் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் மந்தத்தைப் பயந்து தளத்தை விட்டு வெளியேறு என்று சிலர் சொல்லும் அறிவுரையை என்னால் ஏற்க முடியாது. கழிவு ஏறுகிறது என்று எல்லாரும் புலம்புகின்றனர். அந்தக் கழிவுக்குப் பதிலாகத் தளம் தருவது, என் பெயரே அறியாத சபாவிலும் கிளந்தானிலும் இருக்கும் வாங்குநர். சுங்கை சிப்புட் கடைத்தெருவில் கடை போட்டால் அவர் எனக்குக் கிடைப்பாரா?

முறுக்கு_வீடு

வெளியேறச் சொல்லவில்லை தம்பி. தளத்தில் வாங்கியவர் மறுமுறை வாங்கும்போதும் தளத்தைத்தான் தேடிப் போகிறார், உங்களைத் தேடி வருவதில்லை. பட்டியலில் உங்களுக்கு மேலே ஐம்பது காசு குறைத்து ஒருவர் நின்றால் அவரிடம் போய்விடுவார். என் புலனப் பட்டியலில் இருப்பவருக்கு என் கைப்பக்குவம் தெரியும். வீட்டில் விசேடம் என்றால் எனக்குத்தான் அழைப்பார். பணம் இறுகும்போது அவரும் குறைவாகத்தான் வாங்குவார், ஆனால் வேறொருவரிடம் வாங்கமாட்டார். உங்கள் கைப்பேசி உறைக்கு அப்படி ஒருவர் இருக்கிறாரா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பழைய_வாத்தியார்

இளையவர்கள் நன்றாகப் பேசுகிறீர்கள். இணையம் எனக்குப் புதிது, மந்தம் புதிதன்று.

1930களின் உலகப் பெருமந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது, நம் முன்னோரின் கூலி வெட்டப்பட்டது; வேலையற்றுப் போன பல்லாயிரம் பேர் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். 1950இல் கொரியப் போர் வந்ததும் அதே ரப்பர் விலை வானத்துக்கு ஏறியது. 2008 மார்ச்சில் ஒரு டன் 4,000 ரிங்கிட்டைத் தாண்டிய பாமாயில், அந்த ஆண்டு முடிவதற்குள் 2,000 ரிங்கிட்டுக்கும் கீழே போனது. நம் வட்டாரத்துக் கடைக்காரர்கள் அந்த மாதங்களில் கடன் ஏட்டை எப்படிப் புரட்டினார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரே சரக்கின் விலையில் தொங்கும் ஊரில் எந்தக் கடை போட்டாலும் அந்தச் சரக்கோடுதான் ஏறி இறங்கும். வெளியூர்ச் சம்பளத்தை இந்த ஊருக்குள் கொண்டு வருவது முறுக்கு வீட்டு அம்மா செய்யும் பெரிய காரியம். அவர் அதைச் சிறிதாகச் சொல்கிறார்.

இந்த ஊரில் பிறந்த அந்நாள் அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தொழிலாளர்களே தோட்டம் வாங்கினார்கள். வெள்ளைக்காரர்கள் விற்ற தோட்டங்கள் துண்டு துண்டாக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. தோட்டத்தையே சேர்ந்து வாங்க முடிந்தவர்களின் பேரப்பிள்ளைகள், ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு முழுக் கட்டணம் கொடுத்துக் கூரியர் மேசையில் நிற்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. தபால்பைத் தம்பி சொன்ன ஒப்பந்த வீதத்திற்குப் பத்துப் பேர் சேர்ந்தால் என்ன?

தபால்பை

சேரலாம், ஐயா. பதிவு செய்த வணிகத்தின் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து, எல்லாருடைய பொட்டலங்களையும் அதில் அனுப்பலாம். ஆனால் பொட்டலம் தொலைந்தாலோ உடைந்தாலோ இழப்பீடு கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் வரும்; மாதக் கட்டணமும் அவர் பெயரில்தான் விழும். அதை எழுத்தில் முடிவு செய்யாமல் தொடங்கினால், மந்தம் வருவதற்கு முன்பே சண்டை வந்துவிடும்.

வரவுசெலவு

ஆசிரியர் ஐயா சொன்ன யோசனையை நான் எடுத்துக்கொள்கிறேன். தபால்பையின் எச்சரிக்கையையும் சேர்த்தே. ஒரு கணக்குப் புத்தகத்தை மாதிரியாகப் போட்டுத் தருகிறேன். இதில் சேர விரும்புபவர்கள் எனக்குத் தனிமடல் அனுப்புங்கள்.

செம்பனை_லாரி

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது ஒரு கேள்வி. நான் செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் குத்தகை லாரி ஓட்டுகிறேன். 2024 ஜூனில் டீசல் 3.35 ரிங்கிட் ஆனதிலிருந்து முதலாளி நடைகளைக் குறைத்துவிட்டார். என் மனைவி நன்றாக ரவிக்கை தைப்பார். இயங்கலையில் கேட்புகளை வாங்கித் தைத்து அனுப்பலாம் என்று நினைக்கிறோம். கையில் 3,000 ரிங்கிட் சேமிப்பு இருக்கிறது. பூ வேலை செய்யும் புதிய இயந்திரத்தைத் தவணையில் எடுக்கலாம் என்று அவர் சொல்கிறார், எனக்குத் தயக்கமாக இருக்கிறது. இந்த நேரத்தில் தொடங்கலாமா?

வரவுசெலவு

தொடங்கலாம். தவணைக்கு இப்போது கையெழுத்துப் போட வேண்டாம். உங்கள் வருமானம் நடைக்கு நடை மாறுவது. அதன் மேல் மாதா மாதம் மாறாத ஒரு தவணையை ஏற்றினால், கேட்பு இல்லாத மாதத்தில் அரிசிப் பணத்திலிருந்துதான் அதைக் கட்ட வேண்டியிருக்கும். கையிலிருக்கும் இயந்திரத்தோடு தொடங்குங்கள். வணிகப் பெயர் வைத்து நிறுவன ஆணையத்தில் பதிவு செய்ய ஆண்டுக்கு 60 ரிங்கிட், சொந்தப் பெயரிலேயே என்றால் 30 ரிங்கிட். வீட்டிலிருந்து இயங்கலையில் விற்றாலும் பதிவு தேவைதான். வங்கிக் கணக்கைத் தனியாக வைத்து, வரவையும் செலவையும் அதிலேயே நடத்துங்கள். பிறகு இயந்திரம் வாங்க வேண்டி வந்தால், இந்தியத் தொழில்முனைவோருக்கான தெக்குன் நேசனலின் ஸ்பூமி கடனுக்கோ, பெண்களுக்கான அமானா இக்தியார் கடனுக்கோ விண்ணப்பிக்கும்போது அந்தக் கணக்கு அறிக்கை உங்களுக்காகப் பேசும். அமானா இக்தியாரில் சிறு சிறு தவணையாக அடிக்கடி கட்ட வேண்டியிருக்கும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் மனைவியின் தொழிலில் ஒரு நல்ல கூறு உண்டு. துணி வாடிக்கையாளருடையது. சரக்கில் உங்கள் பணம் பூட்டப்படுவதில்லை. நூலும் கொக்கியும் உள்துணியும் மட்டுமே செலவு. கூலியில் பாதியை முன்கூட்டியே வாங்கினால், நான் மேலே போட்ட சேலைக் கணக்கு உங்களுக்கு நேர்மாறாக வேலை செய்யும்.

நூல்சேலை

அண்ணன், உங்கள் மனைவியை எனக்குப் புலனத்தில் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். நேரலையில் சேலை வாங்குபவர்களில் பலர், ரவிக்கை தைத்துச் சேர்த்து அனுப்ப முடியுமா என்று கேட்கின்றனர். இதுவரை இல்லை என்றுதான் சொல்லி வருகிறேன். பொருந்துகிற பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்கு அனுப்பச் சொல்லலாம். உறையில் மடித்துப் போட்டால் அஞ்சல் செலவு பெரிதாக வராது. அளவை எழுதி வாங்கித் தைத்தால் திருத்தத்திற்கு இரண்டு முறை போய் வரும், அந்தக் கூலியை யார் கொடுப்பது என்று தகராறு வரும். தையல் கூலியைச் சேலை விலையோடு சேர்த்து நானே முன்பணமாக வாங்கி, வாரக் கடைசியில் அவருக்குக் கொடுத்துவிடுகிறேன். முதலில் சாதாரணக் கழுத்து, உள்துணி வைத்தது என்ற இரண்டு வகை மட்டும் போதும். பூ வேலை கேட்பவர்கள் எத்தனை பேர் என்று தீபாவளி வரைக்கும் எழுதி வைத்துக்கொள்வோம்.

செம்பனை_லாரி

மிக்க நன்றி அக்கா. இன்று இரவு அவர் செய்தி அனுப்புவார். உள்துணி வைத்ததற்கு எவ்வளவு கூலி சொல்லலாம் என்பதை மட்டும் அவரோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்; அவர் எப்போதும் குறைத்தே சொல்வார்.